சக்கரத்தில் வைத்த சந்தனம்

பழைய சைக்கிளுக்குப் புதுச் சக்கரம் போடுவதா, காசு சேர்த்துப் புதுச் சைக்கிளே வாங்குவதா என்று போன வருடம் முழுக்க யோசித்துக்கொண்டிருந்தேன். ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெரிய கவலை இருக்க, எனக்கு வாய்த்தது இது. கூலிம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில், பூதக்கண்ணாடி வழியாகச் சின்னச் சின்னப் பாகங்களைப் பார்த்துப் பழுது கண்டுபிடிப்பது என் வேலை. பார்த்துக்கொண்டே இருப்பேன், கண்ணுக்குள் ஒரு சக்கரம் சத்தமில்லாமல் சுற்றத் தொடங்கிவிடும். அதோடு நானும் எங்கேயோ போய்க்கொண்டிருப்பேன். சூப்பர்வைசர் அக்கா தோளைத் தட்டி எழுப்புவார். நான் தூங்கவில்லை என்று சொன்னால் யார் நம்பப் போகிறார்கள்?

எங்கள் வீட்டுக்குள் சைக்கிள் வந்ததே ஷிப்டு வேலையால்தான். எனக்குப் பகல், என் கணவருக்கு இரவு. லூனாஸில் ஒரே வீட்டில் குடியிருந்தும், அவர் உள்ளே வர நான் வெளியே போக, வாசலில் முகம் பார்த்துக்கொள்வதோடு சரி. ஞாயிறு காலை மட்டும் இருவருக்கும் ஓய்வு. இரண்டு சைக்கிள்களையும் காரில் ஏற்றிக்கொண்டு மெர்போக் பக்கம் போய்விடுவோம். அங்கே ரப்பர் மரங்களுக்கு நடுவே போகும் சாலையில் அருகருகே ஓட்டுவோம். வாரம் முழுக்கச் சேர்த்துவைத்த பேச்செல்லாம் அங்கேதான். பனி மரங்களை விட்டுப் போக மனமில்லாமல் தொங்கிக்கொண்டிருக்கும். ஜெராய் மலைக்குப் பாதி உடம்புதான் இருக்கும், மீதி மேகம். பேச்சுத் தீர்ந்துபோனால் சும்மா ஓட்டுவோம். அந்தச் சும்மாவும் எனக்குப் பிடிக்கும்.

மேடு வந்தால் மட்டும், "நீ போ, நான் வரேன்" என்பார். நான் உச்சியைத் தாண்டி நிழலில் காத்திருப்பேன். கொஞ்ச நேரத்தில் சிரித்துக்கொண்டே வந்து சேர்வார்.

சக்கரத்தை மாற்றச் சொல்லி என்னை அரித்தெடுத்தவரும் அவர்தான். "பிரேம் நல்லாத்தான இருக்கு, வீல மட்டும் மாத்துலா. புதுசுன்னா எப்போ சேர்த்து எப்போ வாங்குறது?" எனக்கோ புதுச் சைக்கிள் மேல்தான் ஆசை. மனுசருக்கு என்ன கஞ்சத்தனம் என்று மனதுக்குள் திட்டினேன். கடைசியில் சுங்கை பட்டாணியில் இருக்கும் சீனச் சைக்கிள் கடைக்காரர்தான் வழி சொன்னார். "ச்சூபா டூலு, கக்கா" என்று, முதலில் ஓட்டிப் பார்க்கச் சொல்லி, எடை குறைந்த ஒரு ஜோடி கார்பன் சக்கரத்தை என் சைக்கிளில் மாட்டிக் கொடுத்தார். பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அந்த ஞாயிறு விடிந்ததும் வெளியே வந்தால், இவர் எலுமிச்சம்பழமும் சூடமுமாக நிற்கிறார்.

"இரவல் வாங்குன வீலுக்கு யாராச்சும் பூச போடுவாங்களா?"

"இரவலோ சொந்தமோ, நீ தான ரோட்டுல ஓட்டப் போற?"

கார் வாங்கினாலும் மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் எலுமிச்சம்பழத்தை நசுக்காமல் எங்கள் ஆட்கள் ரோட்டில் இறக்க மாட்டார்கள். ஆனால் இவர் பாசம் அளவு மீறியது. சந்தனத்தைக் குழைத்து இரண்டு சக்கரத்திலும் வட்டம் முழுக்கப் பொட்டு வைத்து, அதன் மேல் குங்குமமும் வைத்தார். கல்யாணப் பெண்ணைப் போல நின்றது சைக்கிள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மெர்போக் மேட்டில் அன்று நான் மிதித்ததாகவே நினைவில்லை. மேடு தானாக இறங்கி எனக்கு அடியில் போய்க்கொண்டிருந்தது. பனிக்குள் நுழைந்தேன், வெளியே வந்தேன், மறுபடி நுழைந்தேன். மூச்சு வாங்கவில்லை. இப்படியே போனால் கோத்தா கோலா மூடாவில் ஆறு கடலில் சேரும் இடம் வரைக்கும் நிற்காமல் போய்விடலாம் என்று தோன்றியது. உச்சியில் நிற்கக்கூட மறந்துபோனேன்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்தேன். கிறீச்சென்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பிரேக் கட்டை பிடிக்க வேண்டிய இடமெல்லாம் பனியில் நனைந்த சந்தனம். கட்டை வழுக்கிக்கொண்டே போகிறது, வேகமோ ஏறுகிறது. எந்தச் சாமி காப்பாற்றியதோ, ஓரத்துப் புல்லுக்குள் திருப்பி, காலை ஊன்றி, ஒருவழியாக நின்றேன். நின்றதும் கோபம்தான் வந்தது. நாலு வார்த்தை நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் உச்சிக்கு ஏறினேன்.

அங்கிருந்து அந்தப் பக்கம் பார்த்தேன். அவர் ஓட்டி வரவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து ஏறி வந்துகொண்டிருந்தார். உச்சிக்கு முந்தின வளைவு வந்ததும் நின்று, முகத்தைத் துடைத்து, சைக்கிளில் ஏறி உட்கார்ந்தார். அப்புறம்தான் என்னைப் பார்த்தார். வாரா வாரம் இதுதான் நடந்திருக்கிறது.

அவர் அருகில் வந்ததும் சந்தனம் அப்பிய பிரேக்கை மட்டும் காட்டினேன். பதறிப்போய்க் கழுத்துத் துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"முட்டி சரியில்ல. கொஞ்ச நாளாவே இப்படித்தான். இன்னும் எத்தன நாள் வருவேனோ தெரியல. எனக்காக நீ மெதுவா ஓட்டாத. அதான் வீல மாத்துன்னேன்."

நான் தனியாகப் பறக்க இவர் ஏற்பாடு செய்துகொண்டிருந்திருக்கிறார். எனக்குப் பயமாக இருந்தது. சற்று முன்பு பிரேக் பிடிக்காமல் போனபோதுகூட அவ்வளவு பயம் இல்லை.

"வீலு வேணாங்க," என்றேன். "நாளைக்கே திருப்பிக் குடுத்துரலாம். காசு சேர்த்துப் புதுச் சைக்கிளே வாங்குறேன்."

"அதுக்கு ரொம்ப நாளாவும்லா."

"ஆவட்டும். அது வரைக்கும் நீங்க வாரா வாரம் வரணும். மேட்டுல நானும் எறங்கித் தள்ளுறேன்."

இறக்கத்தில் இருவரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். பாதி வழியில், இரவு ஷிப்டுக்குப் புதிதாக வந்திருக்கும் மேனேஜரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.