முன்படியும் ஒரு சிவப்புக் காரும்

போனில் அந்த மனிதர் என்னை ‘சார்’ என்றுதான் கூப்பிட்டார். கொழும்பு முதலாளி. நுவரெலியாவுக்குக் கீழே, நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் பழைய துரை பங்களாவைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். ஜப்பானிலிருந்து இறக்கிய இரண்டு கதவு ஸ்போர்ட்ஸ் கார், பழசு, சிவப்பு நிறம், விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டிருந்தார். நான் பள்ளிக்கூட வாத்தியார் என்று சொன்னதும், “நம்பர் ஒன் கண்டிஷன் சார், வந்து பாருங்க” என்றார்.

வாத்தியாருக்கு எதற்கு ஸ்போர்ட்ஸ் கார் என்று வீட்டில் கேட்டார்கள். ஆசைதான், வேறென்ன? வருடக் கணக்காக டியூஷன் கொடுத்துச் சேர்த்ததை எல்லாம் அதில் போடப் போகிறேன். ஏமாந்தால் மறுபடி சேர்க்க எனக்கு வயதில்லை. அதனால் ஹட்டனில் தெரிந்த கராஜ்காரர் ஒருவரிடம் போய்ப் பாடம் கேட்டேன். எஞ்சின் ஆறியிருக்கும்போது பார்த்தால்தான் கோளாறு தெரியும், முதலில் பானட்டைத் தொட வேண்டும், அடியில் படுத்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது என்றார். படுக்க வேண்டுமே என்று பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சுடன் போனேன்.

வாங்கப் போனவன் முன்வாசலுக்குத்தானே போக வேண்டும்? என் கால் நேராகப் பின்னால் சமையல் நடக்கும் குசினிப் பக்கம் போனது. அப்பா அந்த பங்களாவில் தோட்டக்காரராக இருந்தவர். லயத்து வீடுகளில் இருந்த தொழிலாளர்கள் யாரும் முன்படி ஏறியதில்லை. குசினிப் படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, “ஐயா” என்று கூப்பிட்டேன். இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

முதலாளி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். “மெக்கானிக்கா நீ? சார் வரலையா? சரி, வா” என்று பதிலுக்குக்கூட நிற்காமல் கராஜுக்கு நடந்தார். அப்போதே சொல்லியிருக்கலாம். காரைப் பார்த்ததும் சொல்ல வந்தது மறந்தே போனது. அவ்வளவு அழகு.

பானட்டைத் தொட்டேன். சூடு. நான் வருவதற்கு முன்பே ஓட விட்டிருக்கிறார். இந்தக் குளிருக்கு அப்படித்தான் செய்வார்கள் என்று அவருக்காக நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அடியில் படுத்துப் பார்த்தேன். கறுப்புப் பூச்சு புதிதாகப் பளபளத்தது. துருவே இல்லை என்று சந்தோஷப்பட்ட மடையன் நான்.

எழுந்தபோது முதலாளி பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“முன்பக்கம் அடிபட்டு, வேற காரோடதை வெட்டி ஒட்டினது. நீ தொழில் தெரிஞ்சவன், பூச்சுக்குள்ள கண்டுபிடிச்சிருப்ப. உன் சார்கிட்ட சொல்லாத. வாத்தியார்தானே, அவருக்கு என்ன தெரியப்போகுது? உனக்குத் தனியா ஒரு சந்தோஷம் தர்றேன்.”

காதெல்லாம் சூடேறிவிட்டது. ஏமாற்றப் பார்த்தார், அது ஒரு பக்கம். என் முகத்தைப் பார்த்து, வாங்க வந்தவனாக இவன் இருக்கவே முடியாது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாக முடிவு கட்டினார்?

“போன்ல பேசுன வாத்தியார் நான்தான்” என்றேன்.

அவர் முகம் செத்துவிட்டது. ஆனால் ஒரு நொடிதான். “முதல்லயே சொல்லியிருக்கலாமே சார். வாங்க, முன்னால உட்காருங்க. டீ குடிச்சிட்டுப் பேசுவோம்.” அதே வாய்தான். ஒரு நிமிடத்துக்கு முன் நான் அதற்கு ‘நீ’. வீட்டுக்குள் வழியாகவே முன் வராந்தா வரை அழைத்துப்போய் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“வெட்டி ஒட்டுன காரையும் நீங்களே வச்சுக்கங்க, இந்த நாற்காலியையும் நீங்களே வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு, அப்பா ஒரு நாளும் மிதிக்காத அந்த முன்படியில் தலை நிமிர்ந்து இறங்கினேன்.

பத்தடி நடந்திருப்பேன். சரளைக்கல் உள்ளங்காலில் குத்தியது. செருப்பு குசினிப் படியில் கிடந்தது. அவர் வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பங்களாவைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் பின்பக்கம் போனேன்.