அருளம்பலத்தின் மகள்

என் பணப்பையில், வங்கி அட்டைக்குப் பின்னால், மூலை மடிந்த ஒரு சின்ன அட்டை இருக்கிறது. அதில் பென்சிலால் எபிரேய மொழியில் ஒரே ஒரு வரி. அந்த எழுத்தில் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் என் பெயர் எதுவென்று கேட்டால் உடனே காட்டிவிடுவேன். ஒரு சொல்லை வெட்டி, அதற்கு மேலே இன்னொன்றை நெருக்கி எழுதியிருக்கிறது. மேலே இருப்பது நான். வெட்டுப்பட்டுக் கிடப்பவர் என் அப்பா.

எழுதியவர் என் மாமனார். எங்கள் வழக்கப்படி அப்பாவின் பெயரை முன்னால் போட்டு, அருளம்பலம் செந்தூரன் என்றுதான் நான் மொன்றியலுக்கு வந்து இறங்கினேன். வேலைத்தலத்தில் முன்னால் இருந்ததைப் பிடித்துக்கொண்டு என்னை 'அருள்' ஆக்கினார்கள். அவர்கள் வாய்க்கு அது வசதி. என் மனைவியைச் சந்தித்ததும் அங்கேதான், அவளுக்கும் நான் அருள். யூதப் பெண்ணைக் கட்டப்போகிறேன் என்று டொலார்டில் அவர்கள் வீட்டு வாசலில் போய் நின்றபோது, மாமனார் கைகூடக் கொடுக்காமல் "மிஸ்டர் அருளம்பலம்" என்றார். ஒரு கணம் பின்னால் திரும்பிப் பார்த்தேன். அப்பா செத்து ஆறு வருடமாகியிருந்தது. கல்யாணம் முடிந்து, மகள் பிறந்து பதின்மூன்று வயதாகும்வரை அதே மிஸ்டர்தான். நான் திருத்தியிருக்கலாம். கேட்கட்டும், சொல்லுவோம் என்ற வீம்பு எனக்கும் இருந்தது.

அந்த வயதில்தான் அவர்களின் தொழுகைக்கூடத்தில் பிள்ளையை முதன்முதலாகத் தோரா வாசிக்க அழைப்பார்கள். தோரா என்பது அவர்களின் வேதச்சுருள். அழைக்கும்போது இன்னாரின் மகள் என்று பெற்றோரின் பெயரைச் சபையில் உரக்கச் சொல்லுவார்கள். தகப்பன் வெளியாள் என்றால் அந்தக் கூடத்தில் தாயின் பெயரோடு நிறுத்திவிடுவது வழக்கம். அழைக்கிறவர் என் மாமனார். வாசிப்பவருக்குப் பக்கத்தில் நின்று, ஓர் எழுத்துப் பிசகினாலும் அந்த இடத்திலேயே உரக்கத் திருத்துவதும் அவர்தான். "பெயரில் என்ன இருக்கு?" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன். உள்ளே பற்றி எரிந்தது. கார்டெரி என்கிற குழந்தைக் காப்பக வாசலில் பனிக்குள் கால் விறைக்க மகளுக்காகக் காத்து நின்றவன் நான். எனக்கு ஒரு சொல் கிடையாதா?

அந்த நாளுக்கு ஒரு கிழமைக்கு முன் மாமனார் எங்கள் லாசால் வீட்டுக்கு வந்து இந்த அட்டையை மகளிடம் நீட்டினார். அவள் வாசித்துவிட்டுச் சிரித்தாள், சிரித்தாள், நிறுத்தவேயில்லை.

"அப்பா! இதில நான் அருளம்பலத்தின்ர மகளாம். அப்ப நான் உங்கட தங்கச்சியெல்லோ!"

என் பெயரை எழுதத்தான் நினைத்திருக்கிறார்! அதை நம்புவதற்கே எனக்கு நேரம் எடுத்தது. விசயத்தை ஆங்கிலத்தில் விளக்கினேன். கிழவரின் முகம் சிவந்துவிட்டது. "இத்தனை வருடமும் உன் அப்பாவையா கூப்பிட்டேன்? ஏன் சொல்லவில்லை?" என்றார். "நீங்கள் கேட்கவில்லை" என்றேன். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். மகளிடம் மட்டும் ஏதோ கேட்டு எழுதிக்கொண்டு, கோட்டுப் பொத்தானைக்கூடப் பூட்டாமல் போய்விட்டார். அந்தக் கிழமை முழுக்க ஒரு போன் இல்லை. என் பெயரை வெட்டியே விட்டாரோ என்று நான் செத்துப் பிழைத்தேன்.

சனிக்கிழமை காலை, மேடையில் சுருளை விரித்தார்கள். மாமனார் கண்ணாடியைச் சரிசெய்து அட்டையைப் பார்த்தார். மகளின் பெயரைச் சொன்னார். "பத்" என்றார். மகள் என்று அர்த்தம். பிறகு மூச்சு வாங்கினார்.

"சென்-தோ-ரான்."

அதற்குப் பிறகுதான் மனைவியின் பெயர் வந்தது. அப்பாடா! தூ, தோ ஆகிவிட்டது. அங்கே விரித்துவைத்திருந்த தோராவையே என் பெயருக்குள் செருகிவிட்டார் மனுசன். மகள் திரும்பி, திருத்தவா என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் சால்வைக் குஞ்சத்தால் சுருளைத் தொட்டு முத்தமிட்டு வாசிக்கத் தொடங்கினாள். இரண்டு இடத்தில் பிசகினாள். இரண்டையும் அவர் விடாமல் திருத்தினார்.

மறுநாள் அட்டையை அவரே கொண்டுவந்து தந்தார். இப்போது பார்வை மங்கிவிட்டது, மேடைக்கு ஏறுவதில்லை. வெள்ளிதோறும் போன் எடுத்து "சென்தோரான், சுகமா?" என்கிறார். பல்கலைக்கழகத்தால் வந்த மகள் போன கிழமை, "அப்பா, அம்மப்பாவை இன்னும் திருத்தேல்லையோ?" என்று கேட்டாள். "பேந்து பாப்பம்" என்று அட்டையை எடுத்துக் காட்டினேன். அவள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"எழுத்தில பிழையில்லை அப்பா. இந்த எழுத்தைத் தூ எண்டும் வாசிக்கலாம், தோ எண்டும் வாசிக்கலாம். நான் தூ எண்டுதான் சொல்லிக்குடுத்தனான். அம்மப்பாதான் தோ எண்டு வாசிச்சவர்."

"அப்ப சரியாத்தான் வாசிச்சிருக்கிறார்" என்று சொல்லி, அட்டையை வாங்கிப் பழைய இடத்தில் வைத்தேன்.