கறுப்புக் காரில் சுற்றிய சக்கரம்

பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமைகளில் அம்மா என்னைக் கார் ஷோரூமுக்குக் கூட்டிப்போவாள். கார் வாங்க இல்லை. தரை துடைக்க. அம்மா துடைப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

விருதுநகருக்கு வெளியே நாலுவழிச் சாலை ஓரத்தில் அந்தக் கட்டடம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளியே கருவேலமும் வெயிலும். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனால் குளிர். தரையை அம்மா துடைத்துத் துடைத்து, காற்றில்லாத நேரத்துக் கண்மாய் மாதிரி ஆக்கி வைத்திருந்தாள். கார்கள் அதில் தலைகீழாக நிற்கும். மேலே இருக்கிறது நிஜமா, கீழே இருக்கிறது நிஜமா என்று பார்த்துக்கொண்டே இருந்தால் கண் சொக்கிவிடும். உள்ளே யாரும் சத்தமாகப் பேசமாட்டார்கள். நாங்கள் இருந்த தெருவில் உப்பு கடன் கேட்டாலே நாலு வீட்டுக்குக் கேட்கும். அதனால் ஷோரூம் எனக்குத் தூக்கத்தில் வருகிற இடம் போலவே இருந்தது.

அப்போது மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் அம்மா தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். அப்பாவும் அங்கேதான். ஒரு மழைக்காலத்தில் கம்பெனியில் வெடித்து அப்பா போய்விட்டார். நான் அப்போது சின்னப்பிள்ளை. அவர் முகம் போட்டோவில் இருக்கிற முகம்தான். அதற்கு அப்புறமும் அம்மா கொஞ்ச காலம் போய்க்கொண்டுதான் இருந்தாள். வேறு வேலை தெரியாது. அம்மாவின் தம்பி, என் மாமா, ஷோரூமுக்குப் பின்னால் இருக்கும் சர்வீஸ் செட்டில் வண்டி கழுவுகிறவர். அவர்தான் பேசிப்பேசி அம்மாவை இங்கே சேர்த்துவிட்டார்.

இந்த வேலை போனால் அம்மா திரும்பக் கம்பெனிக்குத்தான் போகவேண்டும். யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் தெரியும்.

கம்பெனிக்குப் போன காலத்தில், சாயங்காலம் அம்மா வீடு திரும்பும்போது பாதி வெள்ளியாக இருப்பாள். அலுமினியப் பவுடர். பட்டாசு மருந்தில் அது சேரும். பூவாணம் வெள்ளையாகப் பூப்பது அதனால்தான். கழுத்து மடிப்பு, காது மடல், புருவம் என்று எங்கேயும் ஒட்டியிருக்கும். விளக்கு வெளிச்சத்தில் அம்மா மினுங்குவாள். கோயிலில் வெள்ளி சாத்தின அம்மன் எங்கள் வீட்டுக்குள் நடந்து அடுப்புப் பற்றவைப்பது போலத் தோன்றும். ஷோரூமுக்கு வந்தபிறகு அவள் வெறும் அம்மாவாக ஆகிவிட்டாள். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் இருந்தது.

அந்தச் சனிக்கிழமை பின்பக்கம் ஆள் இல்லை. கழுவுகிற பையன்கள் ஊர்ப் பொங்கலுக்குப் போய்விட்டார்கள். தண்ணீர் அடிக்கிற மோட்டாரும் மக்கர். மாமா அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார். முதல் சர்வீசுக்கு வந்த கறுப்புக் கார் ஒன்று கழுவாமல் நின்றது. மத்தியானத்துக்கு மேல் வண்டிக்காரர் வந்துவிடுவார். மேனேஜர் அம்மாவைக் கூப்பிட்டு, தரை அப்புறம் இருக்கட்டும், அந்த வண்டியைக் கழுவிவிடுங்கள் என்றார். மாமா போகிற போக்கில், பக்கெட்டில் தண்ணீர் மோந்து ஊற்று, ஊறினதும் துடை, அம்புட்டுத்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா அதுவரை கார் கழுவியதில்லை.

தகரக் கொட்டகை நிழலில் அது படுத்திருந்தது. அப்படித்தான் சொல்லவேண்டும். பெரிய எருமை ஒன்று கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவது மாதிரி. சீட்டுகளில் பிளாஸ்டிக் உறை இன்னும் கிழிக்காமல் இருந்தது. முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும் வாடிக் கிடந்தன. மேலெல்லாம் ரோட்டுத் தூசி.

அம்மா பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வந்தாள். வைத்துவிட்டு, முன்பக்கத்தில் ஒரு விரலை வைத்து இழுத்தாள். விரலைத் திருப்பிப் பார்த்தாள். விரல் நுனி வெள்ளியாக இருந்தது.

அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள். காற்று வந்து தகரம் ஒருமுறை டம்மென்று தட்டியது.

அப்புறம் பக்கெட்டைத் தூக்கினாள். ஊற்றப்போகிறாள் என்று நினைத்தேன். அதைக் கொட்டகைக்கு வெளியே கொண்டுபோய், சுவர் ஓரத்தில் வைத்து, மேலே ஒரு பலகையை எடுத்து மூடினாள். கையை முந்தானையில் அழுத்தித் துடைத்தாள். ஈரம் இருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

"ஏ புள்ள, அங்கன தள்ளிப் போ. இன்னும் தள்ளி" என்றாள்.

வேப்பமரத்தடி வரைக்கும் போனேன். அங்கிருந்து பார்த்தேன். காய்ந்த துணி ஒன்றை உதறி, அம்மா கார் முழுவதையும் துடைத்தாள். அவசரமே இல்லை. வட்டம் வட்டமாக, கைக்குழந்தைக்குப் பவுடர் போடுவது மாதிரி. துணி நிறைந்ததும் தூரமாகப் போய், காற்றுப் போகிற பக்கம் பார்த்து உதறுவாள். ஒவ்வொரு உதறலுக்கும் வெயிலில் வெள்ளிப் புகை ஒன்று எழுந்து, கொஞ்ச நேரம் நின்று, கரைந்துபோகும். காக்கா கூடக் கத்தவில்லை. எனக்கு அந்தக் காலை முடியவே வேண்டாம் என்றிருந்தது.

முடிந்தபோது நிழலில் கார் பளபளவென்று இருந்தது. அம்மா பக்கெட் தண்ணீரை வேப்பமரத்துக்கு ஊற்றினாள்.

வண்டிக்காரர் சாப்பாட்டு நேரம் தாண்டி வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. அவர் வேறொரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், ஆட்களை வேலை வாங்குகிறவர். வயது ஐம்பது தாண்டியிருக்கும். அவருக்கு அதுதான் முதல் கார் என்று பார்த்தாலே தெரிந்தது. கதவைச் சாத்தும்போது இரண்டு கையையும் வைத்துச் சாத்தினார்.

ஷோரூம் டிரைவர் காரை வாசலுக்கு எடுத்துவந்து வெயிலில் நிறுத்தினார்.

அப்போதுதான் அது தெரிந்தது. கறுப்புப் பெயிண்டில் சூரியன் விழுந்த இடத்தைச் சுற்றி, மயிர் கனத்தில் ஆயிரம் கீறல். எல்லாம் வட்டம். சிலந்தி வலை மாதிரி. நான் நகர்ந்தால் அதுவும் நகர்ந்தது. தலையை ஆட்டினால் சுற்றியது. தீபாவளிக்குத் தரையில் விடுகிற சக்கரம் அப்படியே காருக்குள் சுற்றியது. கதவிலும் ஒன்று. டிக்கியிலும் ஒன்று. நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

"எம்மா, காருக்குள்ள சக்கரம் சுத்துது."

போர்மேன் என்னைப் பார்த்தார். பிறகு காரைப் பார்த்தார். குனிந்து, கையைக் குடை பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகம் கறுத்திருந்தது.

மேனேஜர் ஓடிவந்தார். பாலிஷ் போட்டால் முக்கால்வாசி போய்விடும் ஸார் என்றார்.

"நான் என்ன செருப்பையா குடுத்துட்டுப் போனேன், பாலிஷ் போட்டுத் தர?" என்றார் போர்மேன்.

அதற்கப்புறம் பேச்சு வளர்ந்தது. சாலையில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். முழுசாகப் புதுப் பெயிண்ட் அடித்துத் தரவேண்டும் என்றார். மேலிடத்துக்கு எழுதுவேன் என்றார். யார் துடைத்தது, அந்த ஆளைக் கூப்பிடு என்றார். மாமா அந்நேரம் மோட்டாரோடு வந்து இறங்கினார். நான்தான் ஸார் என்று மாமா சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

மேனேஜர் அம்மாவிடம் கோபப்படவில்லை. மெதுவாக, நாளையிலிருந்து வரவேண்டாம் அக்கா, என்னால் ஒன்றும் செய்யமுடியாது என்றார். அவ்வளவு மெதுவாகச் சொன்னதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணை மூடிக்கொண்டேன். இருக்கன்குடி மாரியம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா கம்பெனிக்குப் போகக்கூடாது என்றேன். கொடுப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்தேன். இடுப்புவரை சடை இருந்தது. அதைத் தருகிறேன் என்றேன்.

கண் மூடியிருந்ததால் குரல்கள் மட்டும் கேட்டன.

"ஏம்மா, தண்ணி ஊத்தாம யாராச்சும் வண்டியத் தொடப்பாகளா? இந்த ஊர்ல குடிக்கத்தான் தண்ணி இல்லன்னு பாத்தேன். கழுவவுமா இல்ல?" இது போர்மேன். யாரோ சிரித்தார்கள்.

"தண்ணி இருந்துச்சுங்க. நாந்தான் ஊத்தல" என்றாள் அம்மா.

"ஏன்?"

"மேல அலுமினியப் பவுடர் இருந்துச்சு."

சாலையில் ஒரு லாரி போனது. திரும்ப போர்மேன் பேசியபோது குரலில் மரியாதை வந்திருந்தது.

"எங்கன வேல பாத்தீக?"

"தாயில்பட்டிப் பக்கம்."

"எந்த ரூமு?"

"நான் திரி ரூமுங்க. அவுக மருந்து ரூமு."

"அவுக..." என்று இழுத்தார்.

"மழை பேஞ்ச மறுநா" என்றாள் அம்மா.

நான் கண்ணைத் திறந்தேன். போர்மேன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு மேனேஜரிடம், அது எங்க செட்டுக்குப் பக்கத்துல நிப்பாட்டினதுல விழுந்த பவுடர், என் தப்புத்தான் என்றார்.

"பாலிஷே போட்டுக்குடுங்க. அந்தம்மாவ ஒண்ணுஞ் சொல்லாதீக."

மேனேஜர் ஒன்றும் விளங்காமல் தலையாட்டினார். பாலிஷ் போட்டும் வட்டங்கள் முழுசாகப் போகவில்லை. போர்மேன் அப்படியே எடுத்துக்கொண்டு போனார். அதற்கப்புறம் ஒவ்வொரு சர்வீசுக்கும், வீட்டிலேயே வண்டியைக் கழுவிவிட்டுத்தான் கொண்டுவருவார். கழுவின வண்டியை எதற்குக் கழுவக் கொண்டுவருகிறார் என்று மேனேஜர் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவின் வேலை போகவில்லை.

மாமா எனக்கு விவரம் சொன்னது ரொம்பக் காலம் கழித்து. நான் பத்தாவதோடு நின்று அச்சாபீசுக்கு வேலைக்குப் போகத் தொடங்கியிருந்தேன். அந்த மழையில் மருந்து ரூமுக்குள் ஓட்டுவழியாகத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. அலுமினியப் பவுடர் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள் சூடு பிடிக்கும். புகைகூட வராமல் காத்துக்கொண்டிருக்கும். காலையில் அப்பா கதவைத் திறந்து உள்ளே போனார். அம்மா எதிர் ரூமில் திரி வெட்டிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் மேல் கிடந்த துளித் தூசிக்கு ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றும் மாமா சொன்னார். அக்காவுக்கும் அது தெரியாமல் இருக்காது, கை கேட்கவில்லை என்றார்.

ஆனால் அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு. தீயை அணைப்பது தண்ணீர் என்று பள்ளிக்கூடத்தில் படம் போட்டுச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அம்மா பக்கெட்டை மூடி வைத்தது சோம்பல் என்று நினைத்தேன். போர்மேன் மனசு மாறியது மாரியம்மன் செய்தது என்று நினைத்தேன். நான் கேட்டேன், அவள் கொடுத்துவிட்டாள். கணக்கு முடிக்கவேண்டியது என் பாடு.

வீட்டுக்கு வந்து முடி நேர்ந்ததைச் சொன்னேன். யாரைக் கேட்டு நேர்ந்தாய் என்று அம்மா முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு என் சடையை அவிழ்த்து, எண்ணெய் வைத்து, சீவி, திரும்பப் பின்னினாள். ரொம்ப நேரம் பின்னினாள்.

ஆடி மாதம் பஸ் ஏறி இருக்கன்குடிக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணல் முழுக்கக் கூட்டம், கொட்டுச் சத்தம், வேப்பிலை வாசம். சவரக்காரர் என் தலையைக் குனியவைத்தார். முடி மடியில் விழுந்தது. தலை லேசாகி, காற்று நேராக மண்டைக்குள் போவது போலிருந்தது. எல்லாச் சத்தமும் தூரமாகப் போய்விட்டது.

குழாயடியில் அம்மா குடத்தைப் பிடித்து என் தலையில் ஊற்றினாள். தலை நனைந்தால் சளி பிடிக்கும் என்று வெள்ளிக்கிழமை குளியலுக்கே பயப்படுகிறவள். ஊற்றிவிட்டுத் திரும்பப் பிடித்தாள். திரும்ப ஊற்றினாள். பின்னால் நின்றவர்கள் திட்டினார்கள். போதும்மா என்றேன். குளிர்ந்த கை என் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டே இருந்தது.

"நனையட்டும். ஒண்ணும் ஆகாது. ஒண்ணும் ஆகாது" என்றாள்.

என்னிடம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.