ராயகடாவிலிருந்து ஒரே ஓட்டம்

திருப்பூர் ராயபுரத்தில் நான் பால் வாங்கும் கடைக்காரர் என்னை ஒரு நாளும் நம்பியதில்லை. அதை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதுமில்லை. நேற்று வாங்கிய பால் திரிந்துபோச்சு என்றால் "அப்படீங்களா" என்பார். அவ்வளவுதான். எங்கள் திசையன்விளைப் பக்கம் என்றால் முதலில் பாத்திரத்தை ஒழுங்காகக் கழுவினீர்களா என்று சண்டைக்கு வந்து, இரண்டு நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். இங்கே அந்த ஒற்றை "அப்படீங்களா"வை வீடுவரை சுமந்துகொண்டு வந்து, பாத்திரத்தை நானே முகர்ந்து பார்த்து, ஒருவேளை தப்பு நம்முடையதுதானோ என்று யோசிக்கிற ஆளாக ஆகியிருக்கிறேன். இதற்கு இருபத்திரண்டு வருடம் பிடித்தது. கடல் தாண்டிப் போனவர்களைத்தான் ஊரில் புலம்பெயர்ந்தவர்கள் என்பார்கள். நான் மதுரையை மட்டும்தான் தாண்டினேன். ஆனாலும் மரியாதையாகச் சந்தேகிக்கப்படுவது எப்படி என்று தெரிந்துகொள்ள அந்தத் தூரமே போதுமானதாக இருந்தது.

ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு ஹெச்.ஆர். வேலை. வந்த ஆளின் பெயரை எழுதுவதும், வராத ஆளைச் சந்தேகப்படுவதும்தான் அது. போன வருடம் அறுவடைத் திருவிழாவுக்கென்று ஒடிசா போன எங்கள் டெய்லர் பெண்கள் பதினெட்டுப் பேர் திரும்பவில்லை. ராயகடா பக்கம் எல்லோருக்கும் அடுத்தடுத்த கிராமம். கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்க் கூட்டி வரும்படி ஓனர் என்னிடம் சொன்னார். போக வர எங்கும் தங்கக் கூடாது என்றும் சொன்னார். வழியில் ராத்தங்கினால் வேறு கம்பெனிக்காரன் பேசி ஏற்றிக்கொண்டு போய்விடுவான் என்பது அவருடைய சந்தேகம். அதனால் இரண்டு டிரைவர்கள். ஒருவர் வண்டியிலேயே படுத்துக்கொள்ள மற்றவர் ஓட்டுவார். மூத்தவர் ராசு, தாராபுரத்துக்காரர். பழனிக்கும் சபரிமலைக்கும் ஓட்டியே ஆயுளைக் கழித்தவர். மேப்பில் தூரத்தைக் காட்டியதும், "ஏனுங்க சார், இது ஊருக்குப் போற வழியாட்டம் தெரியலீங்களே, உசுரு போற வழியாட்டமல்ல இருக்குது" என்றார். ஆனால் வந்தார்.

ராயகடா பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூட வராந்தாவில் அம்மாக்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல நான் எதிரில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கேள்வி கேட்கும் பொறுப்பை அவர்கள் கௌரியிடம் விட்டிருந்தார்கள். மெலிந்த உடம்பு, என் வயதுதான் இருக்கும், கண் இமைக்கவே இமைக்காத பெண்மணி. அவருடைய மகள் சபிதா எங்களிடம் இரண்டு வருடம் வேலை பார்த்தவள். தமிழை முழுக்கத் திருப்பூரில் கற்றவள் என்பதால் என்னைவிட நன்றாகக் கொங்கு பேசுவாள். ஹெல்பராகச் சேர்ந்தவளுக்கு ஊருக்குக் கிளம்பும் முன்புதான் ஓவர்லாக் தையல் மெஷின் கொடுத்திருந்தோம். இந்த வாரத்துக்குள் வராவிட்டால் மெஷின் இன்னொருத்திக்குப் போய்விடும். அது அவளுக்கும் தெரியும். அம்மாவுக்கும் எனக்கும் நடுவே நின்று மொழிபெயர்த்தபோது அவள் குரலில் இருந்த அவசரம் அதுதான்.

புதிய ஹாஸ்டல் கட்டியிருக்கிறோம், தரை எல்லாம் டைல்ஸ், டிவி இருக்கிறது, சுத்திகரித்த தண்ணீர் இருக்கிறது என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். கௌரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஆதார் அட்டையைக் கேட்டார். கொடுத்தேன். சபிதா அதை எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்தவள் முகம் கொஞ்சம் மாறியது.

"சார், அம்மா கேக்கறாங்க. திருப்பூர்னு சொன்னீங்க. கார்டுல வேற ஊரு போட்டிருக்குதுங்களே."

இருபத்திரண்டு வருடமாக நான் விலாசம் மாற்றவில்லை. மாற்றினால் ஊரில் பெயர் போய்விடும் என்று ஒரு பயம். ஊரில் எனக்கு "பனியன்" என்ற பெயர்தான் மிச்சம் இருக்கிறது, அது வேறு கதை. பிறந்த ஊர் அது, பிழைக்க வந்த ஊர் இது என்று விளக்கினேன். கௌரியின் அடுத்த கேள்வி நியாயமானது. அந்த ஊர்க்காரனே இல்லாத நீ அந்த ஊருக்காக எப்படி வாக்குக் கொடுக்கிறாய்? நானும் கேட்டுப் பார்க்கவேண்டிய கேள்வி. கேட்டுப் பார்க்கவில்லை.

அம்மாக்கள் தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கௌரியும் பஸ்ஸில் வருவார். இடத்தைக் கண்ணால் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் பதினெட்டுப் பேரும் அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட வேண்டும். வழியில் எந்த லாட்ஜிலும் எந்த வீட்டிலும் வண்டி நிற்கக் கூடாது. ஓனருடைய சந்தேகமும் கௌரியின் சந்தேகமும் இந்த ஒரு விஷயத்தில் கைகுலுக்கிக்கொண்டன. அப்படித்தான் அது ஒரே ஓட்டமாக ஆனது. சாகசம் எல்லாம் ஒன்றுமில்லை. ஆயிரத்து நானூறு கிலோமீட்டருக்கும் மேல் ஓடிய அந்தப் பயணத்துக்கு டீசலைவிட அதிகமாக உதவியது ஒருவர்மேல் ஒருவருக்கு இருந்த அவநம்பிக்கைதான்.

கௌரி எனக்கு நேர் எதிரே முன் சீட்டில் உட்கார்ந்தார். மடியில் பொரி மூட்டை. விசாகப்பட்டினம் தாண்டும்வரை கண்ணை என்மேலிருந்து எடுக்கவே இல்லை. எனக்கு மூக்கைச் சொறியக்கூடக் கூச்சமாக இருந்தது. வண்டி ஹோட்டலில் நின்றால் நான் வாங்கிக் கொடுப்பதை யாரும் தொடமாட்டார்கள். முதலில் நான் சாப்பிட வேண்டும். சாப்பிட்டு, கொஞ்ச நேரம் உயிரோடு இருந்து காட்ட வேண்டும். பிறகு கௌரி தலையசைத்தால்தான் பெண்கள் தட்டில் கை வைப்பார்கள். அவர் மட்டும் பொரியும் வெங்காயமும். இப்படி ராஜமுந்திரியில் இட்லி, விஜயவாடா தாண்டி பெசரட்டு, ஓங்கோலில் எலுமிச்சைச் சாதம் என்று ஆந்திரா முழுக்க அந்தக் காலத்து அரண்மனையில் உணவு சோதிக்கிற ஆள் வேலை பார்த்தேன். ராசு மட்டும் எதற்கும் கவலைப்படவில்லை. எனக்கு முன்னாலேயே சாப்பிட்டு முடித்துவிடுவார். அவரை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

எனக்கும் என் பங்குச் சந்தேகம் இருந்தது. வேறு கம்பெனி வண்டி எங்காவது பின்னால் வருகிறதா என்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலையை எண்ணினேன். கௌரியும் எண்ணினார். ஓங்கோலில் என் எண்ணிக்கை பதினேழில் நின்றது. மறுபடி எண்ணினேன், பதினேழு. பாத்ரூம் பக்கம் ஓடினேன், பின்வாசலுக்கு ஓடினேன், பக்கத்தில் நின்ற ஒரு வெள்ளை வேனுக்குள் தலையை விட்டுப் பார்த்து ஒரு தெலுங்குக் குடும்பத்திடம் திட்டு வாங்கினேன். வேர்த்துப்போய் வந்து ஓர் ஆள் குறைகிறது என்று சபிதாவிடம் சொன்னேன். அவள் அம்மாவிடம் சொன்னாள். கௌரி நிதானமாகக் கையைத் தூக்கிச் சபிதாவைக் காட்டினார். என் பக்கத்திலேயே நின்று மொழிபெயர்த்துக்கொண்டிருந்தவளை நான் எண்ணவே இல்லை. பஸ் முழுக்கச் சிரித்தது. கௌரி சிரிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவளையே தவறவிடுகிறவனிடம் பதினெட்டுப் பேரையா விடுவது என்று யோசித்திருப்பார்.

நான் திருப்பூருக்கு முதல்முறை வந்ததும் இப்படி ஒரே ஓட்டம்தான். ஊர்க்காரர் ஒருவர் ஆபீஸ் வேலை இருக்கிறது என்றார். அப்பா அவருடைய பெயரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லை. திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் ஒரு பை முறுக்கை என் கையில் திணித்துவிட்டு, "போய்ச் சேந்ததும் லெட்டர் போடு" என்றதோடு சரி. ஆபீஸ் வேலை என்பது பனியன் பண்டலைத் தோளில் சுமந்து மூன்றாவது மாடிக்கு ஏற்றுவதாக இருந்தது. ஏமாந்தேன் என்று லெட்டரில் எழுதவில்லை. நல்ல வேலை என்று எழுதினேன். அதை நம்பி அடுத்த வருடம் என் சித்தப்பா மகனும் வந்தான். கௌரி என்னைப் பார்க்கும் பார்வையில் நான் கூனிக் குறுகியதற்கு இதுவும் ஒரு காரணம். இந்த மாதிரி ஒரு கண் அன்றைக்கு எங்கள் பஸ் ஸ்டாண்டில் இருந்திருந்தால் நான் இன்றைக்குத் திசையன்விளையில் மளிகைக் கடை வைத்திருப்பேன். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் மத்தியானம் அவிநாசி தாண்டி ஹாஸ்டல் வாசலில் வண்டி நின்றது. எல்லோரும் இறங்கினார்கள். கௌரி உள்ளே போய் டைல்ஸை மிதித்துப் பார்க்கவில்லை, டிவியைத் திரும்பியும் பார்க்கவில்லை. வாசல் கதவருகில் நின்று அதன்மேல் கையை வைத்துப் பார்த்தார். பிறகு வந்து பஸ்ஸில் ஏறி, தன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். பதினேழு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக ஏறினார்கள். சபிதா மட்டும் கீழே நின்றாள். கண்ணில் தண்ணீர்.

"தாப்பாள் வெளிய இருக்குதுங்க சார். உள்ள இல்லீங்க. அம்மா வேண்டாங்கறாங்க."

போய்ப் பார்த்தேன். உண்மைதான். கதவுக்கு வெளிப்பக்கம் கட்டைவிரல் தடிமனில் ஒரு தாழ்ப்பாள். உட்பக்கம் வழவழவென்று பெயிண்ட். கட்டடம் முடிந்ததும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவன் நான். குழாயில் தண்ணீர் வருகிறதா, ஃபேன் சுற்றுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கதவு வழியாகத்தான் போனேன் வந்தேன். என்னை உள்ளே விட்டுப் பூட்டப் போவதில்லை என்பதால் அது என் கண்ணில் படவில்லை.

ஓனருக்குப் போன் போட்டேன். பெண்பிள்ளைகளின் பாதுகாப்புக்குத்தானே, எல்லா இடத்திலும் அப்படித்தானே என்றார். இருபத்திரண்டு வருடம் அடக்கி வைத்திருந்த ஊர்ப் பேச்சு அந்த நேரம் பார்த்து வெளியே வந்துவிட்டது.

"பாதுகாப்பு உள்ள இருக்கவங்களுக்குன்னா தாழ்ப்பாளும் உள்ளதான சார் இருக்கணும். வெளிய இருந்தா அது யாருக்குப் பாதுகாப்பு?"

"சரிங்க, பாத்துச் செய்ங்க" என்றார் ஓனர். செய், ஆனால் நான் சொன்னதாக இருக்கக் கூடாது, நாளைக்கு ஏதாவது நடந்தால் உன் தலை என்று அதற்கு அர்த்தம். இதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு எனக்குக் கொங்கு வந்திருக்கிறது.

ராசு வண்டியிலிருந்து ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்தார். நான் பிடிக்க, அவர் கழற்றினார். நாலு திருகாணி. பக்கத்து ஒர்க்ஷாப்பில் டிரில்லிங் மெஷின் இரவல் வாங்கி அதே தாழ்ப்பாளை உட்பக்கம் மாட்டினோம். கொஞ்சம் கோணலாகத்தான் இருந்தது. கௌரி இறங்கி வந்தார். மகளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. நான் வெளியே நின்றேன். தட்டினேன், திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். "உடுங்க சார், பரிச்சை வெக்கறாங்க" என்றார் ராசு. ரொம்ப நேரம் கழித்து, அவர்களாக நினைத்தபோது, கதவு திறந்தது. சபிதாவின் முகத்தைப் பார்த்ததுமே முடிவு தெரிந்தது. பஸ்ஸில் இருந்த பெண்கள் பைகளை இறக்க ஆரம்பித்தார்கள்.

கௌரிக்கு ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. என் வீட்டில் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்று கேட்டார். எந்த வீடு என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் கண் மறுபடி இமைக்காமல் நின்றது. ராயபுரம் வீட்டில் உள்ளேதான், ஆனால் அது வாடகை வீடு என்றேன். சொந்த வீடு ஊரில் இருக்கிறது, அதற்குப் பூட்டு வெளியே என்றேன். சபிதா ஒவ்வொன்றாக மொழிபெயர்த்தாள். கௌரி சன்னமாக ஏதோ கேட்டார். அதைச் சொல்லச் சபிதா தயங்கினாள். பரவாயில்லை, சொல்லு என்றேன்.

"அப்போ அந்த ஊட்டுக்குள்ள யாருங்க இருக்காங்கன்னு கேக்கறாங்க."

யாரும் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நான்தான் என்றேன். சபிதா அதை அப்படியே சொன்னாள். கௌரி என்னை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார். நம்பவில்லை.