ஒரு தடவை மட்டும் கேட்கிற ஊர்

இந்த ஊரில் சாப்பாடு வேண்டுமா என்று ஒரே ஒரு தடவைதான் கேட்பார்கள். வந்த புதிதில், கூட வேலை பார்க்கும் பெண் கேக்கை நீட்டினாள். நான் மரியாதைக்கு வேண்டாம் என்றேன். அவள் சிரித்துக்கொண்டே டப்பாவை மூடிவிட்டாள். மறுபடி கேட்பாள் என்று நானும் வெட்கமில்லாமல் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் முதலில் சொல்லும் "வேண்டாம்" ஒரு பதிலே இல்லை. "கொறச்சு தின்னுட்டு போங்க" என்று மரச்சீனிக் கிழங்கும் சாளை மீன் குழம்பும் தட்டில் விழுந்த பிறகுதான் பேச்சே தொடங்கும்.

இங்கிலாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை எனக்கு. வேலை போனால் விசாவும் போகும். கடலுக்குப் போன என் கணவர் திரும்பி வரவில்லை. மகள் ஷைனி ஊரில் என் அக்காவிடம் வளர்கிறாள். என் சம்பளத்தை விட்டால் அவளுக்கு வேறு நாதியில்லை. நான் கவனிக்கும் பெரியவர் ஆர்தர். ஒவ்வொரு வேளையும் "நோ, தேங்க்யூ" என்பார். நம்மைப் போலத்தான் மரியாதை பார்க்கிறார் என்று நினைத்து, பக்கத்தில் உட்கார்ந்து திரும்பவும் கேட்பேன், அதற்கு மேலும் கேட்பேன். கடைசியில் வாயைத் திறப்பார். ஒருநாள் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்க, நான் ஸ்பூனோடு கெஞ்சிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் உள்ளே வந்துவிட்டாள்.

அவள் புகார் கொடுத்ததும் மேலாளர் என்னை அழைத்து, என்ன நடந்தது என்று மெதுவாகத்தான் கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஆங்கில வினைச்சொற்களை மூன்று காலங்களிலும் தலைகீழாக ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். எந்தச் சொல் எந்த வீட்டில் எவ்வளவு கனக்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. "ஐ கம்பெல்டு ஹிம், மேடம், வித் லவ்" என்றேன். கல்யாண வீட்டிலிருந்து வந்து, "அவ்வளவு கம்பெல் பண்ணினாவ, தின்னாம வர முடியல்ல" என்று பெருமையடிக்கிற ஊர் எங்களுடையது. மேலாளரின் முகம் இறுகிவிட்டது. போலீஸும் கோர்ட்டும் பேசுகிற சொல்லாக அது அவர் காதில் விழுந்திருக்கிறது. நான் விளக்க விளக்க இன்னும் மோசமானது. என்கரேஜ் பண்ணலாம், ஃபோர்ஸ் பண்ணக்கூடாது, இன்னொரு புகார் வந்தால் வேலையில் வைத்திருக்க முடியாது என்றார். ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது ஒரே ஒரு தடவைதான் கேட்கிறேன். ஆர்தர் "நோ, தேங்க்யூ" என்கிறார். தட்டை எடுத்துக்கொண்டு, மறுத்துவிட்டார் என்பதற்கு "டிக்லைன்ட்" என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வருகிறேன். தட்டு வாசலைத் தாண்டும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருக்கிறார். சட்டைக் கழுத்து அவருக்குத் தொளதொளவென்று ஆகிவிட்டது. பயமாக இருக்கிறது. பாவம் செய்கிறேனா, வேலை செய்கிறேனா என்று தெரியவில்லை. யாரிடம் போய்ச் சொல்ல?

போன ஞாயிற்றுக்கிழமை இடைவேளையில் ஊருக்கு வீடியோவில் பேசினேன். அங்கே ஷைனி சோற்றுத் தட்டின் முன்னால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எனக்கு வேண்டாம் பெரியம்மா" என்றாள். அக்கா சோற்றை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, "ஒரு வாய் மக்கா, அம்மைக்காக ஒரு வாய்" என்று கெஞ்சினாள்.

"வேண்டாம்ணு சொல்லுதாள்லா, விட்டுரு அக்கா" என்றேன்.

அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். "ஏட்டி, பெத்தவ பேசுத பேச்சா இது?"

என் வாயிலிருந்துதான் வந்தது. ஷைனி எழுந்து ஓடவில்லை. ஆர்தர் பார்ப்பதுபோலவே பார்த்தாள்; வாய் லேசாகத் திறந்திருந்தது. இன்னொரு தடவை கேட்பதற்காகக் காத்திருந்தாள். கேட்கவேண்டிய அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த உருண்டை, தட்டுக்கும் என் பிள்ளையின் வாய்க்கும் நடுவில் அப்படியே நின்றது.