வேதாந்தம் சாரின் ஃபோல்டர்

மயிலாப்பூரில் எங்கள் அச்சகத்து முதலாளி வேதாந்தம் சார், கணினி அறைக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார். தூசி படியும் என்பார். காலையில் ஸ்விட்சைப் போட்டதும் மானிட்டரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாரே, அதற்குக் காரணம் சொன்னதில்லை.

அறையில் இரண்டு கணினிகள், நடுவே ஒரு கேபிள். கல்யாணப் பத்திரிகைகள் எல்லாம் சாரின் கணினியில் ஒரே ஃபோல்டரில் இருக்கும். தமிழ் எழுத்துரு என்னுடையதில் மட்டும்தான். ஆனால் அதில் சேமிக்க இடமில்லை. எனவே அவருடைய ஃபோல்டரை இங்கிருந்தே திறந்து, திருத்தி, அங்கேயே சேமிப்பேன்.

விஜயதசமிக்கு மறுநாள் அது நின்றுபோனது. பத்திரிகை திறந்தது. திருத்திச் சேமித்தால் அனுமதி இல்லை என்றது.

எதிரே பாலவாக்கத்து முத்துலட்சுமி அம்மா உட்கார்ந்திருந்தார். மகள் கல்யாண மண்டபம் கொட்டிவாக்கத்துக்கு மாறிவிட்டது. மதியத்துக்குள் பத்திரிகை அச்சுக்குப் போனால்தான் மறுநாள் மாப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியும்.

“இன்னா பாப்பா, கொட்டிவாக்கம்னு போட இம்மா நேரமா? குடு, பேனாவால அடிச்சு எழுதிக்கினு போறேன்.”

“கல்யாணப் பத்திரிகைல அடிச்சு எழுதப்படாது” என்றார் சார்.

ராயப்பேட்டையிலிருந்து சர்வீஸ் பார்க்கும் வஜீஹா வந்தாள். கேபிளைப் பிடுங்கிச் செருகினாள். இரண்டையும் அணைத்துப் போட்டாள். பலனில்லை. கடைசியில் சாரின் கணினியில் ஃபோல்டரின் அனுமதிகளைத் திறந்தாள்.

“சார், படிக்க மட்டும்னு மாத்தி வெச்சிருக்கு. யாரு கை வெச்சது?”

சார் சரஸ்வதி படத்தைப் பார்த்தார்.

“நான்தான். பூஜை அன்னிக்கு எழுதப்படாதோன்னோ. புஸ்தகத்தையெல்லாம் பூஜைல வெச்சேன். இதைத் தூக்கிண்டு போக முடியுமா?”

“இத மாத்த யாரு சொல்லிக் குடுத்தாங்க?”

“நீதாம்மா. போன மாசம்.”

வஜீஹா உதட்டைக் கடித்துக்கொண்டாள். “விஜயதசமிக்குத் திருப்பி எடுத்திருக்கணுமே சார்?”

“புஸ்தகத்தைப் பிரிச்சு ரெண்டு வரி படிச்சேன். இதை மறந்துட்டேன்.”

“தோ பாரு” என்றார் முத்துலட்சுமி அம்மா. “எம் பொண்ணு கல்யாணம் பூஜைல குந்திக்கினு கீது.”

வஜீஹா மவுஸை நகர்த்தப் போனாள். சார் தடுத்தார். மானிட்டரை ஒருமுறை தொட்டுக் கும்பிட்டு, முழு அனுமதியைத் தானே கொடுத்தார்.

“மொதல்ல பிள்ளையார் சுழி போடும்மா.”

“பத்திரிகையிலேயே இருக்கு சார்” என்று சொல்லிவிட்டு, கொட்டிவாக்கம் என்று மாற்றிச் சேமித்தேன். சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் அச்சாகி வந்த பத்திரிகைகளில் ஒன்றை எடுத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி சாரிடம் நீட்டினார் முத்துலட்சுமி அம்மா.

“சாமி, நீ அவசியம் வரணும். வரசொல்ல இந்தப் பொண்ணுங்களுக்கு, பூட்டி வெச்சதைத் தொறந்து வெச்சிட்டு வா.”