பிளசன்டன் பேப்பரிலும் வந்த கடிதம்

என் கடிதத்தை நான் அச்சில் பார்த்தது பல் டாக்டரின் காத்திருப்பு அறையில். உள்ளே மகளின் பல்லுக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். மேசையில் கிடந்த பேப்பரைச் சும்மா புரட்டினேன். காமிக்ஸும் குறுக்கெழுத்தும் வருகிற பக்கத்தின் ஓரத்தில் ஒரு பத்தி. வாசகர்களின் குடும்பச் சிக்கல்களுக்கு ஓர் அம்மையார் பதில் சொல்வது. முதல் வரியை இரண்டாம் முறை படித்தேன். அது நான் எழுதிய வரி.

மாமனார் எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் இருந்தபோது எழுதியது அது. அவருக்கு மூன்று மகன்கள். மாமியார் போன பிறகு, வீட்டுக்கு நான்கு மாதம் என்று சுற்றி வந்தார். எங்களிடமிருந்து கலிஃபோர்னியாவில் பிளசன்டன், அங்கிருந்து டெக்சாஸில் பேர்லேண்ட். நல்ல மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். ஆனால் தினமும் சாப்பிட்டு முடித்ததும் மற்ற இரண்டு மகன்களையும் போனில் கூப்பிட்டு, ஸ்பீக்கரைப் போட்டு என்னைப் பற்றி ஆரம்பிப்பார்.

“இன்னைக்கு ஏழேகாலுக்குத்தான் வந்தா. மாவு கடைல வாங்கினது. நேத்து சாம்பார கொட்டிட்டா.”

குறை சொல்கிற குரல் இல்லை. ரேடியோவில் செய்தி வாசிப்பது போல இருக்கும். அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டே நான் கேட்டுக்கொண்டிருப்பேன். கணவரிடம் சொன்னால், “அப்பா சும்மா பேசறாரு, விடு” என்பார். ஒருநாள் ஆபீசில் மதிய இடைவேளையில் அந்த அம்மையாருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். என் வீட்டிலேயே என்னை யாரோ கண்காணிப்பது போல இருக்கிறது, என்ன செய்வது என்று. பெயர் வேண்டாம், ஊரும் போட வேண்டாம் என்று கேட்டிருந்தேன். அப்படியே செய்திருந்தார்கள்.

மாமனார் அதற்குள் பிளசன்டன் போய்விட்டிருந்தார். அதனால் அன்று எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம்தான் வந்தது. அவரிடம் நேராக, மரியாதையாகப் பேசு என்று பதில் சொல்லியிருந்தார் அந்த அம்மையார். என் பேச்சை ஒருவர் நம்பியிருக்கிறார் என்பதே போதுமாக இருந்தது. திரும்பும் வழியில் அதே பேப்பர் இரண்டு வாங்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை லைப்ரரியில், அந்த அம்மையாருக்கு நன்றி எழுத முகவரி கிடைக்குமா என்று கேட்டேன். அங்கே இருந்த பெண்மணி முன்பு ஒரு பத்திரிகையில் வேலை பார்த்தவர். “அவங்க இந்த ஊரே இல்லையே” என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார்.

பிறகு விளக்கினார். ஒருவர் எழுதுவார் அல்லது காமிக்ஸ் வரைவார். சிண்டிகேட் என்கிற கம்பெனி அதை வாங்கி ஊர் ஊராகப் பேப்பர்களுக்கு விற்கும். நூறு வருஷத்துக்கு மேலாகவே இப்படித்தானாம். ஒரு காலத்தில் சின்ன ஊர்களுக்கு ஒரு பக்கம் அச்சடித்த தாள்களே வந்து இறங்குமாம். காலியாக இருக்கிற மறுபக்கத்தில் உள்ளூர்ச் செய்தியை அடித்துக்கொள்வார்களாம். அப்புறம் காமிக்ஸ் பதித்த அட்டை அச்சுகள் தபாலில் வந்தன. அவற்றில் ஈயத்தை உருக்கி ஊற்றித் தகடு எடுத்தார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் போகிறது. “ஆனா படிக்கிறவங்க அன்னைக்கும் இன்னைக்கும் ஒண்ணுதான்” என்றார். “எந்த ஊர்ல படிச்சாலும், இவங்க நம்ம ஊர்க்காரங்கன்னு நெனச்சுப்பாங்க. நானும் சின்ன வயசுல அப்படித்தான் நெனச்சேன்.”

நான் சிரிக்கவில்லை. கலிஃபோர்னியாவிலும் வருமா என்று கேட்டேன். அவர் தேடிப் பார்த்தார். பிளசன்டன் பக்கம் போகிற பேப்பரிலும் அந்தப் பத்தி வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு பேப்பரும் இடத்தைப் பொறுத்து முன்னே பின்னே போடும், என் கடிதம் அங்கே இன்னும் வரவில்லை என்றார்.

பார்க்கிங் லாட்டில் காருக்குள் உட்கார்ந்து பிளசன்டன் ஓரகத்தியைக் கூப்பிட்டேன்.

“உங்க வீட்டுக்கு பேப்பர் வருதா?”

“மாமாவுக்காகத்தான்க்கா subscribe பண்ணோம். ஒரு வரி விடமாட்டாரு. காமிக்ஸ் கூட படிச்சுடுவாரு. ஏன்க்கா?”

“சும்மாதான் கேட்டேன்.”

அதன் பிறகு காலையில் கண் விழித்ததும் அந்தப் பேப்பரை ஆன்லைனில் திறந்து பார்ப்பதே வேலையாகிவிட்டது. நான்கு நாள் வேறு யார் யாருடையவோ கடிதங்கள். ஐந்தாம் நாள் என்னுடையது. எங்களுக்கு ஏழு மணி, அங்கே நாலு. மாமனார் ஆறு மணிக்கு எழுந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, டிரைவ்வேயில் கிடக்கும் பேப்பரை எடுத்து வருவார். இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அந்த இரண்டு மணி நேரத்தில் செய்வதற்கு உலகத்தில் எதுவுமே இல்லை.

போனைக் கணவரிடம் நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

“அப்பாவ பத்தி பேப்பர்ல எழுதினியா?”

“பேரு இல்லையே.”

“எனக்கே தெரியுது. அவருக்குத் தெரியாதா?”

“உங்ககிட்ட எத்தன தடவ சொன்னேன்?”

அவர் ஆபீஸ் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாமனாரிடமிருந்து போன் வரவில்லை. மறுநாளும் இல்லை. கணவர் கூப்பிட்டபோது, “நல்லா இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார். போன் மணி அடித்தாலே திடுக்கிடுகிற மாதிரி ஆகிவிட்டது எனக்கு. நான்காம் நாள் ஓரகத்தி ஆபீசிலிருந்தே கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

“அக்கா, மாமா என்கூட பேசவே மாட்டேங்கறாரு. அவரே தயிர் ஊத்தி சாப்பிட்டுட்டு, தட்ட கழுவி வெச்சுட்டு ரூமுக்கு போயிடறாரு. பேர்லேண்டுக்கு டிக்கெட்ட முன்னாடியே மாத்த சொல்றாரு. இன்னைக்கு அவர் கண்ணாடி கூட்டுல பேப்பர்ல கட் பண்ணின ஒரு துண்டு பாத்தேன். யாரோ ஒரு மருமக மாமனார பத்தி எழுதினது. நான் எழுதினேன்னு நெனச்சுட்டாரு போல. சத்தியமா நான் எழுதலக்கா. பேப்பர்ல அப்படி ஒரு பத்தி வர்றதே எனக்குத் தெரியாது.”

அந்த ஊர்ப் பேப்பரில் வந்தால் அந்த ஊர் மருமகள்தானே எழுதியிருக்க வேண்டும். அங்கேயும் அவர் தினமும் போனில் அதேபோலத்தான் சொல்லிக்கொண்டிருந்தார், அவளைப் பற்றி, எங்களிடம். அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த நிமிஷமே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். “அழாத, நான் மாமாகிட்ட பேசறேன்” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

சாயங்காலம் கணவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டு மாமனாரைக் கூப்பிட்டேன். ஸ்பீக்கரைப் போட்டு, போனை மேசையில் வைத்துப் பேசினேன்.

“மாமா, அந்தக் கடிதம் நான் எழுதினது. அவ இல்ல.”

அந்தப் பக்கம் தாளைப் பிரிக்கிற சத்தம் கேட்டது.

“இது இந்த ஊர் பேப்பர்மா.”

“ஒரே ஆள் எழுதறத எல்லா ஊர் பேப்பரும் வாங்கிப் போடுவாங்க மாமா. எனக்கும் தெரியாது.”

“எல்லா ஊர்லயுமா?”

“நிறைய ஊர்ல.”

“தம்பி வீட்டுலயும் வருமா, பேர்லேண்ட்ல?”

“தெரியல மாமா. வரலாம்.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். “நாலு நாளா அந்தப் பொண்ணு முகத்த பாக்கல நான். தப்பு பண்ணிட்டேன். மொதல்ல அவகிட்ட பேசணும்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

டிக்கெட்டை மாற்றவில்லை. நான்கு மாதம் முடிந்துதான் பேர்லேண்ட் போனார். கணவரிடம் உடம்பு, மருந்து என்று இரண்டு நிமிஷம் பேசுவார். யார் எப்போது வந்தார்கள் என்பதெல்லாம் நின்றுவிட்டது. நான் கேட்டது அதுதான், ஆனாலும் நிம்மதி வரவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நம்பருக்கே கூப்பிட்டார்.

“உன்ன கொற சொல்லணும்னு பேசலம்மா. எனக்கு கார் ஓட்ட வராது. இங்க நடந்து போறதுக்கும் எடம் இல்ல. பசங்க கேட்டா, அன்னைக்கு நான் பாத்ததுன்னு சொல்ல வேற என்ன இருக்கு? நீங்க வர்றதும் போறதும்தான்.”

“மன்னிச்சிடுங்க மாமா. உங்ககிட்டயே சொல்லியிருக்கணும்.”

“ஆமா, சொல்லியிருக்கலாம்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு மகளின் பல்லைப் பற்றி விசாரித்தார்.

மாமனாரிடம் ஒத்துக்கொண்டதற்கு மறுநாளே ஓரகத்தியிடமும் சொல்லியிருந்தேன். “பரவால்லக்கா” என்றாள். பிறகு, “நான் அழுதுட்டு இருந்தப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல?” என்றாள். அதன் பிறகு என்னிடம் பேசும்போது யோசித்துத்தான் பேசுகிறாள். வேலை, குழந்தைகள், வெயில். வீட்டு விஷயம் எதையும் சொல்வதில்லை. அடுத்த மாதம் மாமனார் எங்கள் வீட்டுக்கு வருகிறார். வாரத்தில் இரண்டு நாள் ஆபீசிலிருந்து சீக்கிரம் கிளம்பி அவரை எங்காவது அழைத்துப்போகலாமா என்று மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.